சந்தனம் வைத்த கார்டு

வாடிப்பட்டியிலிருந்து மதுரை வந்த பேருந்தில், எனக்கு முன் சீட்டில் மானிட்டர் பெட்டியை மடியில் வைத்தபடி ஒருவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

“இந்த மானிட்டர் என் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுக்குப் பொருந்தும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணான் மாப்ள. கேம் போட்டா படம் கிழிஞ்சு கிழிஞ்சு வருது. இன்னைக்கு அவன் சட்டையைப் பிடிக்காம விடமாட்டேன்.”

பக்கத்திலிருந்த நண்பன் கேட்டான்: “மானிட்டர் ஒயரை கார்டுலதானே சொருகுன?”

“இல்ல, அதுக்கு மேல மதர்போர்டுல ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல.”

“ஏன்டா?”

“ஆயுத பூசைக்கு அம்மா கார்டு ஓட்டைல சந்தனத்தை அப்பிருச்சு. சொரண்டுனா சாமி குத்தமாம்.”

“வெளங்கும்! மானிட்டரும் கார்டும் நேரா ஒண்ணுக்கொண்ணு பேசுனாத்தானடா படம் ஒழுங்கா ஓடும்? நீ சண்டை போட வேண்டியது ஒங்கம்மாகிட்ட.”

பெட்டிக்காரன் மடியிலிருந்த பெட்டியை இழுத்து அணைத்துக்கொண்டான்.

“சண்டையைக் கடைக்காரன்கிட்டயே போட்டுக்கிறேன் மாப்ள.”