மரதன் ஓட்டத்தில் பிடுங்கின டொபி

"ரோட்டுல நின்னு பாத்த நம்ம லயத்து ஆளுங்கதாம்மா என் கையில இருந்த டொபிய புடுங்குனாங்க."

டிக்கோயா போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு அம்மாவும் பள்ளிக்கூட டீசேர்ட் போட்ட மகளும். மகளின் மடியில் இன்சுலின் பெட்டி.

"எம் மகளுக்கு சீனி வியாதி, இனிப்பு குடுக்காதீங்கன்னு காலையில தோட்டத்துப் பெரட்டுல வேல பிரிக்கிறப்ப எல்லார்கிட்டயும் சொன்னேன். புடுங்கச் சொல்லலியே."

"மரதன் ஓடுறப்ப சுகர் எறங்குனா ஒடனே இனிப்பு திங்கணும்னு கிளினிக்குல சொன்னாங்கள்ல. அத சொன்னீங்களா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் என்னாச்சு?"

"தல சுத்தி ஒக்காந்துட்டேன். மாஸ்டர் ஓடி வந்து சீனித் தண்ணி குடுத்து, ரொம்ப நேரம் ஒக்கார வச்சாரு. எல்லாரும் ஓடி முடிச்சிட்டாங்க. அப்புறம் நான் ஓடுனேன்."

"எல்லாரும் முடிச்ச பொறகு எதுக்கு ஓடுன?"

"எனக்கு இன்னும் தூரம் பாக்கி இருந்துச்சு."

"இனிமே ஓட வேணாம்."

"ஓடுவேன்."

ஆஸ்பத்திரி வந்ததும் இருவரும் எழுந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி அம்மா சொன்னார்.

"நாளைக்கு பெரட்டுல இன்னொரு தடவ சொல்றேன்."

"என்னன்னு?"

"அடுத்த வருஷம் ஆளுக்கு ரெண்டு டொபியோட ரோட்டுல வந்து நில்லுங்கன்னு."