பழையவை என்ற தலைப்பின் கீழ்

பொருள்கள் கலைந்து கிடந்தால் எனக்குக் கை சும்மா இராது. மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறியதும், மேல்தட்டில் தாறுமாறாகக் கிடக்கும் பைகளை அடுக்கிவிட்டுத்தான் உட்காருவேன். யாருடைய பை என்று பார்ப்பதில்லை. பெங்களூர் போய்ச் சேரும்வரை சாப்பாட்டு கேரியர் எதுவும் யார் தலையிலும் விழாது. கூட வருகிறவர்கள் என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கிண்டல் செய்வார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

என் பெயர் சைலஸ். யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். என் அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்த முனியப்பன் மாமாவும் டக்ளஸ் மாமாவும் இறந்ததைப் பற்றி உங்களிடம் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசி. அப்படிப்பட்டவர்கள் சாவது எங்கள் ஊரில் செய்தியே இல்லை.

நான் வேலை செய்யும் கம்பெனி மூச்சு மிஷின் செய்கிறது. மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சொந்தமாக மூச்சு இழுக்கத் தெம்பில்லாதவர்களுக்கானது. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னலைத் தயாரிக்கும் முன் ஒரு மெனு வரும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும். அதில் ஒரு பகுதி ஃபைல் சிஸ்டம். மெமரி கார்டில் எழுதியிருப்பதை எந்த முறையில் படிப்பது என்பதுதான் விஷயம். வருஷக்கணக்கில் ஆளாளுக்கு ஒரு முறையைச் சேர்த்துவிட்டுப் போனதில் அந்தப் பகுதி சந்தைக்கடையாகக் கிடந்தது. அதை ஒழுங்குபடுத்தும் வேலையை எங்கள் டீம் லீடர் நாகேஷ் என்னிடம் கொடுத்தார். கரும்பு தின்னக் கூலி கேட்பேனா?

நான் எதையும் அழிக்கவில்லை. இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா இன்பராஜ் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், கூரை இடிந்து விழாமல் மரமுட்டு வைக்கும் கேங்கில் இருந்தவர். வேலை முடிந்த லெவலை, அதாவது சுரங்கத்தின் அந்த அடுக்குப் பாதையை, அவர்கள் மண் போட்டு மூட மாட்டார்களாம். வாசலில் கதவு வைத்துப் பூட்டுவார்கள். உள்ளே போக வேண்டியவன் வந்து கேட்டால் திறந்துவிடுவார்கள். நானும் அதையே செய்தேன். இப்போது யாரும் பயன்படுத்தாத முறைகளையெல்லாம் ‘பழையவை’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்து, வாசலில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: பழையவை வேண்டுமா? பதில் சொல்லாமல் விட்டால், வேண்டாம் என்று பொருள். பூட்டிய லெவலின் முன்னால் வந்து நிற்கிற ஆள் சத்தம் போட்டுக் கூப்பிடுவான். மிஷின் கூப்பிடாது, பேசாமல் திரும்பிப் போய்விடும். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மெனு பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நாகேஷ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

கம்பெனி கழித்துக்கட்டிய பழைய மிஷின்கள் சில உடைப்பதற்காக ஸ்டோரில் கிடந்தன. கணக்குப்படி அவை இந்த உலகத்திலேயே இல்லை. அப்பாவுக்காக ஒன்றை எடுத்து வந்தேன். அவர் சில நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, கேங்கில் மிச்சமிருப்பது முனியப்பனும் டக்ளஸும்தான், அவர்கள் அங்கே திணறிக்கொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் இது எதற்கு என்றார். அவர்களுக்கும் ஆளுக்கொன்று பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அப்பாவுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தேன். யார் யாருக்கு எவ்வளவு அழுத்தம் என்று டாக்டர் சொல்ல, அதை அவரவர் மிஷினின் கார்டில் ஏற்றினேன். அந்தக் கார்டுகள் பழைய முறையில் எழுதப்பட்டவை.

கழித்துக்கட்டியதற்குக் காரணம் இருந்தது. பழைய மென்பொருளில் ஒரு கோளாறு. ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் எப்போதாவது தானாக நின்றுவிடும். ஒரு நாள் காலை அப்பாவுடையது நின்றது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாஸ்க்கின் பட்டையை அவிழ்க்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறார். உதடு நீலமாகிவிட்டது. அன்று பயந்தது போல் நான் என்றும் பயந்ததில்லை. அம்மா இல்லை, எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவர் ஒருவர்தான்.

புதிய மென்பொருளில் அந்தக் கோளாறு கிடையாது. ஆனால் புதியதில் என் மெனு இருந்தது. பழைய கார்டை அது படிக்குமா என்று நாகேஷிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அந்தக் கார்டு உள்ள மிஷின் ஒன்றுகூட வெளியே இல்லையே, அதற்கு எதற்குக் கவலை என்று சிரித்தார். இருக்கிறது என்று சொன்னால் என் வேலை போகும், மிஷின்களையும் பிடுங்கிக்கொள்வார்கள். வாசல் கேள்விக்கு ‘வேண்டும்’ என்று மாற்றிக் கெர்னலை மறுபடி தயாரிக்கவும் அவருடைய ஒப்புதல் வேண்டும். புதியதை ஒரு முறை ஏற்றிவிட்டால் பழையதற்குத் திரும்பவும் முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சோதித்துப் பார்க்காத எதையும் எங்கள் தொழிலில் யாரும் வெளியே அனுப்புவதில்லை.

முனியப்பன் மாமாவின் மிஷினில் ஏற்றினேன்.

பச்சை விளக்கு எரிந்தது, காற்று வந்தது. அந்தப் பழைய மாடலில் இவற்றைத் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. மாமா என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். சில நாள் கழித்து அவர் மகள் மாலாவை மார்க்கெட்டில் பார்த்தேன்.

“அப்பா இப்ப நல்லா தூங்குறாருண்ணா,” என்றாள். “முன்னெல்லாம் இருமிக்கினே கெடப்பாரு. இப்ப சாப்பாட்டுக்கே எழுப்ப வேண்டியதா கீது. நீங்க நல்லாயிருக்கணும்.”

காற்று போதாவிட்டால் திணறல்தான் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கெட்ட காற்று வெளியேறாமல் உள்ளே தங்கினால் வருவது தூக்கம். எங்கள் கம்பெனியில் சேர்ந்தவுடன் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. கார்டைப் படிக்க முடியாத மிஷின், கார்டே இல்லை என்று எடுத்துக்கொண்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமா அடுத்த வாரம் எழுந்திருக்கவில்லை. பந்தலுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான். வரிசையாகப் போட்டேன்.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கும் பார்வை புரிகிறது. ஆனால் அவர் வயதானவர், நோயாளி. மிஷினால்தான் போனார் என்று எப்படிச் சொல்வது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. எங்கள் தொழிலில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டோம். அப்பாவின் மிஷின் அதற்குள் இன்னொரு முறை நின்றிருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தாக வேண்டும்.

டக்ளஸ் மாமாவுக்கு ஏற்றினேன். அவர் மனைவி ஐடா அத்தை கேக் கொடுத்தனுப்பினார். அவரும் நன்றாகத் தூங்கினார். நான் தினமும் போய்ப் பார்த்தேன், அக்கறையில்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். சொன்னால் முனியப்பன் மாமா சாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் அப்பாவின் மிஷின் என்னாவது? இதை யோசித்துக்கொண்டே காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். அவரை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வந்தது. நடிப்பு இல்லை சார்.

கல்லறையிலிருந்து வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். மாஸ்க்கை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“முனியப்பனுக்குப் புதுசு போட்ட. டக்ளஸுக்கும் போட்ட. எனக்கு இன்னாத்துக்குடா போடல?”

உங்களுடையது நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். ரெண்டு தடவை நின்றதே என்றார். போடலாம், அவசரமில்லை என்றேன். அவர்கள் போனதற்கும் மிஷினுக்கும் சம்பந்தமே இல்லை, வியாதி முற்றிவிட்டது, நேரம் வந்துவிட்டது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சம்பந்தம் இல்லன்னா சரி. எனக்கும் அதையே போடு, இப்பவே போடு,” என்றார்.

நான் அசையவில்லை.

“முட்டு வச்சவன் தாண்டா மொதல்ல அதுங்கீழ நிப்பான். அப்புறந்தான் கேங்க உள்ள வுடுவோம். நான் வச்ச முட்டுக்குக் கீழ என்னிக்கும் முனியப்பன மொதல்ல நிறுத்தினதில்ல.”

மாஸ்க்கை மிஷின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது நேற்று. அப்புறம் மாட்டவேயில்லை. நான் மாட்டப் போனால், நோயாளி என்று நம்ப முடியாத வலுவோடு என் கையைத் தள்ளுகிறார். மார்பு ஏறி இறங்குவதை வாசலிலிருந்தே பார்க்கலாம். டாக்டரையும் உள்ளே விடவில்லை. போதகர் வந்து சொல்லியும் கேட்கவில்லை. இந்த நிமிஷம் அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

கோலார் கோர்ட்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு உதவி. ஜீப் இருக்கிறது, வீடு பக்கம்தான். யூனிஃபார்மோடு ஒருவர் வந்து சொன்னால் அப்பா நம்புவார். விசாரித்துப் பார்த்தோம், உங்கள் பையனுக்கு ஒன்றும் தெரியாது, தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லையே சார்.