என் கணினியின் சாவி யாரிடம் இருந்தது?

மலையாள மண்ணில், சாலைக் கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவே இந்த மண்டபத்தைத் தமிழுக்குத் திறந்துவிட்டு, தலைமை இருக்கையை அணிசெய்யும் இரும்புக்கடை அதிபர் தாணுமாலயன் அவர்களே! எண்பதைக் கடந்தும் முதுகு வளையாமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆவலோடு வந்திருக்கும் அன்னையரே! கைப்பேசியை அணைக்க மறந்த இளையோரே! உங்கள் அனைவருக்கும் சரோஜத்தின் கைகுவித்த வணக்கம்.

'வீட்டுக் கணினிக்கு வேறோர் இயங்குதளம்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. இயங்குதளம் எது? கணினியைத் திறந்ததும் முதலில் விழித்து, மற்றெல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மென்பொருள். ஓய்வுபெற்ற தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பிறகு கேளுங்கள்.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து ஐந்து, ஜூலை மாதம். கரமனை ஆற்றங்கரையோரம் என் வீடு. கணவர் தாசையன் மறைந்து நான்கு ஆண்டுகள். ஒரே மகள் லிபி மஸ்கட்டில் நர்ஸ். ஏழு மாதம் முடிந்த கர்ப்பிணி. அவள் முகம் பார்க்கவே கணினி வாங்கினேன், கேமரா வாங்கினேன், பிராட்பேண்ட் எடுத்தேன். கடையில் இயங்குதளத்தின் ஒரு கள்ளப் பிரதியைப் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே என்ன போட்டாய், யாருக்காகப் போட்டாய் என்று கேட்டேனா? கேட்கவில்லை!

ஒரு மதியம். நான் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன், கை மடியில் இருக்கிறது. திரையில் அம்புக்குறி நகர்கிறது. தானாக நகர்கிறது! படங்கள் வைத்திருந்த இடத்தைத் திறக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. லிபியின் கல்யாணப் படத்தில் வந்து நிற்கிறது. நெடுநேரம் நிற்கிறது.

சிரிக்காதீர்கள் அம்மா. அந்த அறையில் நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் ஒரு சிறு கட்டம் திறந்தது. ஆங்கில எழுத்தில் மலையாளம்: 'டீச்சரே, ஊணு கழிஞ்ஞோ?' சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறது! திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அடுத்த வரி வந்தது: 'நீலம் நன்னாயி சேரும்.' நீலம் நன்றாகப் பொருந்துகிறதாம்! குனிந்து பார்த்தேன். நான் உடுத்தியிருந்தது நீலச் சேலை.

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார், "கம்பியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே டீச்சர்?" நியாயம் தம்பி. ஆனால் கம்பியைப் பிடுங்கினால் என் பிள்ளையின் முகமும் போய்விடுமே! இன்னொன்றும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சாப்பிட்டாயா என்று என்னை ஒருவர் கேட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாம் நாள், ஆயிற்று என்று நான் பதில் எழுதினேன்: 'கழிஞ்ஞு.'

நான்காம் நாள் அது எழுதியது: 'லிபிக்கு இது எட்டாம் மாசமல்லே?'

கம்பியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தெரு ஸ்ரீலக்ஷ்மியிடம் ஓடினேன். பாலிடெக்னிக்கில் கணினி சொல்லிக்கொடுப்பவர். வந்து பார்த்தார்.

"டீச்சர், இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உங்காத்துக் கம்ப்யூட்டருக்கு யாரோ பின்கதவு வச்சிருக்கான். இத்தனை நாளா உள்ளே உக்காந்து பாத்துண்டிருக்கான்."

"இனி என்ன செய்யணும் மக்களே?" என்று அவரைக் கேட்டேன்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுடலாம். அது எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணா பிரிச்சுப் படிச்சுப் பாக்கலாம். ஒளிச்சு வைக்கறது கஷ்டம்."

படங்களைக் குறுந்தட்டில் எடுத்துவைத்தோம். எல்லாவற்றையும் அழிக்கப்போகிறோம் என்று லிபிக்கு ஒரு மடல் அனுப்ப, ஐந்தே நிமிடம் இணைப்பைக் கொடுத்தோம். அதற்குள் அந்தக் கட்டம் திறந்தது!

'வேண்டா டீச்சரே.'

ஸ்ரீலக்ஷ்மியின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த வரி மெல்ல, எழுத்தெழுத்தாக வந்தது: 'ஞான் தனிச்சாணு.' நான் தனியாக இருக்கிறேன் என்கிறது! யார் இல்லை தனியாக? நான் இல்லையா? ஒரு கணம் என் நெஞ்சு தடுமாறியது, மறைக்கவில்லை. ஆனால் தனிமைக்குத் துணை வேண்டுமென்றால் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சுவருக்குள் ஒளிந்திருந்து கர்ப்பிணிப் பெண்ணின் மாதத்தை எண்ணக் கூடாது! இணைப்பை நானே உருவினேன். 'அனைத்தும் அழியும், சம்மதமா?' என்று லினக்ஸ் குறுந்தட்டு கேட்டபோது, அந்த விசையையும் நானே அழுத்தினேன்.

புதிய இயங்குதளத்தில் எல்லாம் இனித்ததா? இல்லை! என் கேமரா அதில் வேலை செய்யவே இல்லை. இரண்டு மாதம் மகளின் குரல்தான், முகம் இல்லை. பேத்தி பிறந்தாள், நான் பார்த்தது மடலில் வந்த ஒரே ஒரு படம். கொடுத்த விலை அது. ஆனாலும் அந்த அறையில் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு மாலை, ஐந்தரை மணி. வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். இளமையும் இல்லாத முதுமையும் இல்லாத ஒரு மெல்லிய குரல்.

"டீச்சரே, வாதில் அடச்சு, அல்லே?"

கதவைச் சாத்திவிட்டீர்கள், இல்லையா என்கிறது. "நீ யாரு?" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. அப்போது நாகர்கோவில் ரயில்வண்டி ஆற்றுப்பாலத்தில் ஊதிக்கொண்டு போனது. என் ஜன்னலிலும் அந்த ஊதல். தொலைபேசிக்குள்ளும் அதே ஊதல், அதே நொடியில்!

மஸ்கட் இல்லை, மாஸ்கோ இல்லை. என் தெருவுக்கு அருகே எங்கோ இருந்தது அந்த மூச்சு.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். பொதுத் தொலைபேசியிலிருந்து வந்த அழைப்பு என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்னையரே, அருமைப் பிள்ளைகளே! லினக்ஸ் போடுங்கள், வேறெதுவும் போடுங்கள். காசு கொடுத்து நேர்வழியில் வாங்கியதானாலும் போடுங்கள். ஆனால் வீடு திரும்பியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை உள்ளே வைத்தது யார்? இதன் சாவி யார் கையில்? தெரியவில்லையா? இன்றே கேளுங்கள்! சொல்லவில்லையா? இன்றே மாற்றுங்கள்!

அந்தக் குரலுக்கு உரியவர் நம் ஊர்க்காரர். இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். ஐயா, என் பெயர் சரோஜம். முகத்தைக் காட்டிக்கொண்டு மேடையில் நிற்கிறேன். உங்களுக்கும் பெயர் இருக்குமே, எழுந்து சொல்லுங்கள்.

யாரும் எழவில்லை.

அதோ, இடப்பக்க வாசலருகே ஒருவர் வெளியே போகிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம் அம்மா. போகட்டும், தம்பானூரில் பேருந்துக்கு நேரமாகியிருக்கலாம்.

பொறுமையோடு செவி தந்த பேரவைக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், என் பக்கத்தில் நின்ற ஸ்ரீலக்ஷ்மிக்கும் நன்றி. வாசலைக் கடந்துகொண்டிருப்பவருக்கும் சேர்த்து, வணக்கம்.