பசுமைக்குடிலில் பதிவான ஒரு நிமிடம்

நவம்பர் மாதம். மாலை நாலரை மணிதான், ஆனால் பெமிட்ஜி ஊருக்கு வடக்கே அதற்குள் இருட்டிவிடும். சரளைக்கல் சாலை... இருபுறமும் ஊசியிலை மரங்கள்... எதிரே ஒரு வண்டி கிடையாது. கிர்ஸ்டன் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனாள்.

கிர்ஸ்டன் யாரென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வாரனுடைய மைத்துனி. செடி கொடிகளைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள். கூட ஆள் கிடையாது. கோட்டுகள் தொங்கும் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுவாள், பதிவை வெட்டுவாள், ஒட்டுவாள். கேட்பவர்கள் நானூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஒரு நேயர் மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. அவளுடைய ஆறு வயது மகள் டில்டா. அம்மாவின் குரல் தலைமாட்டில் ஓடினால்தான் அந்தக் குழந்தைக்குத் தூக்கம் வரும். இது நினைவிருக்கட்டும்.

அன்று அவள் பேட்டி காணப் போனது ஆர்விட் நைகார்ட் என்பவரை. அறுபது வயது. வீட்டுக்குப் பின்னால் பெரிய பசுமைக்குடில். உள்ளே நுழைந்ததும் ஜெரேனியம் இலை வாசம், ஈர மண்சட்டி வாசம். ஏப்ரலில் மனைவி இறந்த பிறகு அவர்தான் செடிகளைப் பார்த்துக்கொள்கிறார். மூலையில் ஒரு பழைய ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

"ரேடியோவக் கொஞ்சம் அணைச்சிடலாமா? பதிவுல விழும்."

ஆர்விட் தயங்கினார். "சின்னதா வச்சுக்கலாமே."

"சின்னதா இருந்தாலும் விழும். உங்க குரலுக்கு முன்னாடி அந்தப் பாட்டு நிக்காது, பயப்படாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அணைத்தார்.

பேட்டி நன்றாகவே போனது. முடிந்ததும் கிர்ஸ்டன் வழக்கம்போல ஒன்று செய்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். யாரும் பேசாமல், அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளி தெரியாமல் அடியில் விரிப்பதற்கு. குடிலுக்குள் புழுக்கம், காது வியர்த்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் பேசக்கூடாது. சரியா?"

பத்து விநாடி... இருபது விநாடி... ஹீட்டரின் உறுமல் மட்டும்.

ஆர்விட் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மெல்ல நகர்ந்தன... ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு... அடுத்ததற்கு... யாரோ நடப்பதைப் பார்க்கிற மாதிரி.

"முடிஞ்சுது, ரொம்ப நன்றி."

"அதுக்குள்ளயா? அவ இன்னும் முடிக்கலையே."

"யாரு?"

"என் சம்சாரம். கடைசி வரிசை பாக்கி இருக்கு."

பாவம், துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த ஒரு நிமிடத்தை அவள் போட்டுக் கேட்கவே இல்லை. சும்மா அமைதிதானே, அதை யார் கேட்டுப் பார்ப்பார்கள்? முழு நிகழ்ச்சிக்கும் அடியில் திரும்பத் திரும்ப அதை விரித்தாள். வெளியிட்டாள்.

நாலாம் நாள் டுலூத்திலிருந்து ஒரு கடிதம். "நீங்க மூச்சு வாங்குற இடத்துலல்லாம் ஒரு அம்மா பேசுறாங்களே, யாரு? என் சமையலறை ஜன்னல்ல பெகோனியா இலை பழுக்குதுன்னு சொல்றாங்க. பழுத்துதான் போச்சு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மறு வாரம் ஃபார்கோவிலிருந்து இன்னொன்று. "ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். ஸ்பீக்கர்ல உங்க நிகழ்ச்சியை ஓடவிட்டு மறந்துட்டேன். வந்து பார்த்தா வீடு பூட்டினபடியே இருக்கு. செடிக்கெல்லாம் யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

அன்று இரவு ஒன்பது மணிக்குக் கிர்ஸ்டன் அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஒரு நிமிடத்தைத் தனியாக ஓடவிட்டாள்.

ஹீட்டர். பிறகு... மண்சட்டியில் தண்ணீர் விழும் சத்தம். ரப்பர் பூட்ஸ், சதக்... சதக்... ஒரு கிசுகிசுப்பு.

"இது தேறிடும்... இது தேறிடும்..."

பூட்ஸ் நெருங்கியது. மைக்குக்கு மிக அருகே ஒரு மூச்சு.

"இது வாடுது."

நிமிடம் முடிந்தது.

வாடுது... டில்டாவுக்கு மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். குழந்தை வெளுத்துப்போயிருந்தாள். தலைமாட்டில் அந்த நிகழ்ச்சி பதினோரு இரவாக ஓடுகிறது.

கோட்டுகளைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அறைக் கதவைத் திறந்ததும் ஈரப் பாசி வாசம். தலையணை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டில்டாவின் முடியிலிருந்து தண்ணீர் வடிந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

உலுக்கி எழுப்பினாள். "டில்டா... யாருடி தண்ணி ஊத்தினது?"

"அந்த ஆன்ட்டி. மெதுவாத்தாம்மா ஊத்தினாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"நீ பேசாம இருக்கிறப்போ பேசுவாங்களே, அவங்க. நான் வாடிட்டேனாம். பனி விட்டதும் வெளிய நட்டா தேறிடுவேனாம்."

குழந்தையின் மணிக்கட்டில் சணல் கயிறு. அதில் ஒரு துத்தநாகத் தகடு, நாற்றுக்குக் கட்டுகிற மாதிரி. பென்சில் எழுத்து. மேலே டில்டாவின் பெயர். அதன் கீழே, விதைத்தது என்று அவள் பிறந்த தேதி. கடைசி வரி... வெளியே நட வேண்டியது, மே பதினைந்து.

கிர்ஸ்டன் அந்த நிமிடத்தை அழித்தாள். நிகழ்ச்சியை இணையத்திலிருந்து எடுத்தாள். அன்றிரவே வீடு கொஞ்சம் அடங்கியபோது, மாடியில் தண்ணீர் சொட்டியது. ஆர்விட்டுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம்.

"நான் ஏன் ரேடியோவ அணைக்கிறதே இல்லன்னு நெனச்சீங்க?" என்றார். "நீங்கதானேம்மா அணைக்கச் சொன்னீங்க. அமைதியா இருந்தா அவ வேலைக்கு வந்துடுவா. பேசிக்கிட்டே இருங்க."

காய்ச்சல் ஜனவரியோடு விட்டது. தகடு மட்டும் போகவில்லை. கத்தரியால் வெட்டிப் போடுவார்கள். காலையில் திரும்பக் கட்டியிருக்கும். அந்த வீட்டில் ஆறு மாதமாக டிவி அணைந்ததில்லை, மிக்ஸி கூடச் சும்மா ஓடுகிறது.

போன வாரம் பனி விட்டது. வாரன் கிர்ஸ்டனையும் டில்டாவையும் இங்கே, தன் வீட்டுக்கே, அழைத்து வந்துவிட்டான். டில்டா இப்போது நமக்கு மேலே, மாடி அறையில் தூங்குகிறாள். கிர்ஸ்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஐந்து நாளாகப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய்... சற்று முன்புதான் கண்ணயர்ந்தாள். இன்று மே பதினான்கு. கரன்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. விடிகிற வரைக்கும் கதை பேச வாருங்கள் என்று வாரன் நம் எல்லோரையும் கூப்பிட்டது இதற்குத்தான்.

என் கதை முடிந்தது. அடுத்து யார்?

ஏதாவது பேசுங்கள்... ஏன் எல்லோரும் இப்படி வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்?