நான்கு முறை இறந்த என் மாமியார்

அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் முதிர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! அட்டைப்பெட்டி ஒட்டி ஒட்டியே கைரேகை அழிந்த என் தோழர்களே! வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் இதே ஆலையில் பெட்டி ஒட்டினேன். நியமனக் கடிதம் உண்டா? இல்லை. காப்பீடு உண்டா? இல்லை. விடுப்பு உண்டா? உண்டு! வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் உண்டு. காய்ச்சல் என்று சொன்னால், "நாளையிலேருந்து வராதே" என்பார் மேற்பார்வையாளர். ஆகவே, மகனுக்கு அம்மை கண்டபோது மாமியாரைக் கொன்றேன். கூரை ஒழுகியபோது கொன்றேன். எனக்கே காய்ச்சல் வந்தபோதும் கொன்றேன். அவர் மகளின் கல்யாணத்துக்கே அவரைக் கொன்றேன்!

யாரங்கே சிரிப்பது? அண்ணே, உங்கள் மாமனாரை எத்தனை முறை அடக்கம் செய்தீர்கள் என்று நான் சொல்லட்டுமா?

இந்த ஆண்டு ஆலை வளர்ந்தது; படிவம் எழுதிக் கொடுத்த எங்களுக்கு நியமனக் கடிதம் தந்து நிரந்தரமாக்கினார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்பத்தார் பெயர் கேட்டார்கள். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. அட்டை கிடைத்தால் அறுவை, இல்லையேல் இருட்டு. அவர் பெயரை எழுதினேன். மேற்பார்வையாளர் பழைய நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, இவங்கதான் நாலு தடவை செத்துட்டாங்களே! உயிரோட இருக்கறவங்க பேரை எழுதும்மா."

உண்மையைச் சொன்னால் வேலை போகுமோ? மறைத்தால் அத்தையின் கண் போகுமோ? வீட்டுக்கு வந்து அழுதபடி அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்குமாடி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நான்தான் தம்பி செத்தவ. நாலு தடவை செத்து இவ வேலையைக் காப்பாத்தினேன். ஒரு தடவையாச்சும் பொழைச்சேன்னு எழுதிக்கோ!"

அலுவலகமே சிரித்தது. மேலாளர் கையெழுத்திட்டார்.

அறுவைக்கு விடுப்புப் படிவம் எழுதினேன். காரணம் கேட்ட இடத்தில் கை தானாக 'மாமியார் மர...' என்று போய்விட்டது! அடித்துவிட்டு, 'மாமியாருக்குக் கண் அறுவை' என்று எழுதினேன். யாரும் குறுக்குக்கேள்வி கேட்கவில்லை. பதினோரு ஆண்டில் விடுப்புக்காக நான் சொன்ன முதல் உண்மை அது.

கட்டு அவிழ்த்ததும் அத்தை என்னை உற்றுப் பார்த்தார். "என்னடி, இவ்வளவு நரைச்சுப் போயிட்ட!" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கூலி வருதில்ல, கடிதம் எதுக்கு?" என்று இன்னும் தயங்கும் தோழர்களே! வேலை வேண்டும், வேண்டும், வேண்டும்! அதற்காக வீட்டில் ஒருவர் சாக வேண்டுமா? நிரந்தர வேலைக்கான படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன. இன்றே கையெழுத்திடுங்கள், நாம் கொன்றவர்களை எல்லாம் எழுப்பி உட்கார வையுங்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், உயிரோடு வந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி இறங்குகிறேன்.