கயிறு தெரியாத கூடம்

மஞ்சள் பல்புதான் காரணம், மேடம். வெள்ளை டியூப்லைட் போட்டால் எந்தக் கூடமும் ரேஷன் கடை மாதிரி ஆகிவிடும். இங்கே உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வரவில்லை என்றீர்களே, போன மாதம் பத்திரிகையிலிருந்து வந்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வெனிலா, வயது இருபத்தாறு. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

கல்யாணமாகி அனந்தபுரத்திலிருந்து இந்தத் திண்டிவனம் வீட்டுக்கு வந்தது 2009இல். கணவர் ஸ்டீபன்ராஜுக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை மாலை வருவார், திங்கள் விடியலில் ரயிலேறிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் மாமனார் பாக்கியசாமியும்தான். மாமா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போட்டவர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவருக்காக ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் கட்டிலில் தொடங்கி, இந்தக் கூடத்துச் சுவரோரமாக, சமையலறை வழியாகப் பின்கட்டுக் குளியலறை வரை போகும். இடுப்பு உயரத்தில் பதினோரு ஆணி. ஒரு கையில் கயிறும் ஒரு கையில் ஜெபமாலையுமாகப் போய் வருவார். யாரையும் துணைக்குக் கூப்பிட மாட்டார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் பார்த்து எடுப்பவள். அவற்றில் வெளியே பனி கொட்டும். உள்ளே கம்பளம், கனத்த திரை, மேசை விளக்கு, கெட்டிலில் தேநீர். அப்படியொரு அறைக்குள் யார் நுழைந்தாலும் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் நல்லவராகிவிடுவார். நம் ஊரில் பனி இல்லை, சரி. மே மாதத்தில் நான் மெரூன் திரை தைத்துப் போட்டபோது எதிர்வீட்டு அம்சவள்ளி, "இன்னாக்கா, முட்டய கொண்டாந்து வெச்சா குஞ்சு பொரிச்சிடும் போலகீது உன் ஊடு" என்று சிரித்தாள்.

திரை வந்தது, கம்பளம் வந்தது, சோபா வந்தது. மாமா ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "புது சோபா டெய்லி என் முட்டிய நலம் விசாரிக்குதும்மா" என்பார். "கம்பளம் போட்டதுலேர்ந்து எது எங்க கீதுன்னு காலுக்குத் தெரியல. பரவால்ல, நீ ஆசயா பண்ணிக்கினு கீற." அதை நான் அனுமதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புத்தக அலமாரிக்கு மனதுக்குப் பிடித்த மரம் கிடைக்கவில்லை. பின்கட்டுக் கிணற்றை மூடியிருந்த தேக்குப் பலகைகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. அந்த நிறம் கடையில் கிடைக்காது. பலகையை எடுக்கும்போது ஆசாரி சுப்பராயலு, "கெணத்துக்கு இன்னாம்மா போடுவ? கட்ட மொழங்கால் ஒசரம்தான் கீது" என்றார். கம்பி வலை போடப்போவதாகச் சொன்னேன். வலை வாங்க மூன்று முறை கடைத்தெருவுக்குப் போனேன். ஒருமுறை குஷன் வாங்கி வந்தேன், ஒருமுறை விளக்குக் கூடு. மூன்றாவது முறை என்ன வாங்கினேன் என்று நினைவில்லை.

அந்த அலமாரியைத்தான் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் போட்டோ எடுக்க வருவதற்கு முன்தினம் கயிற்றைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, துளைகளை அடைத்து வண்ணம் பூசினேன். ஒரு நாளைக்குத்தான் என்று மாமாவிடம் சொன்னேன். கழற்றிய பிறகுதான் கூடத்தை முதல்முறையாகப் பார்த்தேன், மேடம். மூன்று வருடமாக மனதில் பார்த்துக்கொண்டிருந்த கூடம். மறுபடி அதன் குறுக்கே ஒரு நீலக் கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை. மாமாவின் அறைக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. கயிற்றை அதன் வழியாக வெளியே கொண்டுபோய், வீட்டைச் சுற்றிக் குளியலறை வரை கட்டினேன். கிணற்றுக்கு நான்கடி தள்ளித்தான்.

பத்து நாள் பொறுத்தார். பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மகனிடம், "உள்ளயே கட்டிடுடா. வெளிய சுத்திக்கினு போனா யார் ஊட்லயோ கீற மாதிரி கீது" என்றார். ஸ்டீபன்ராஜ் என் பக்கம் திரும்பி, "பேஜாரு பண்ணாத வெனிலா. அடுத்த வாரம் ஆணி வாங்கினு வர்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் நான் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுக்கு வருகிறவர்களில் இதன் அழகைப் பார்க்க முடியாதவர் ஒருவர்தான். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரும் இதை இழப்பது சரியா என்று பொறுமையாக யோசித்தேன்.

சனிக்கிழமை காலை. மாமா கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். நான் பின்கட்டுக்குப் போய், கயிற்றின் கடைசி முடிச்சைக் குளியலறை ஆணியிலிருந்து அவிழ்த்துக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்தூணில் கட்டினேன். அம்சவள்ளி தன் மாடியிலிருந்து, "கயிறு எதுக்குக்கா அங்க போவுது?" என்று கேட்டாள். துணி காயப்போட என்றேன். அவள் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

உள்ளே வந்து, "மாமா, வெந்நீர் வெச்சிட்டேன்" என்று குரல் கொடுத்தேன். "தோ வர்றேம்மா" என்றார். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அருள் நிறைந்த மரியே ஜெபம் வெளிச்சுவரோரமாக நகர்ந்து போவது கேட்டது. பிறகு பாதியில் நின்றது. மேல்தட்டைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

தள்ளினாயா என்று கேட்டீர்கள். இல்லை. நான் அவரைத் தொடக்கூட இல்லை. ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தேன். வீட்டை அழகுபடுத்துவது என்றால் அதுதானே, மேடம்.

மாமாவின் அறை இப்போது காலி. காலை வெளிச்சம் இந்த வீட்டிலேயே அங்கேதான் நன்றாக விழும். ஜன்னலடியில் நீளமாக ஓர் இருக்கை, இரண்டு தலையணை, வெளிர் பச்சைச் சுவர். அளந்து வைத்திருக்கிறேன். ஸ்டீபன்ராஜ் நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அவருக்கும் மனம் லேசாகிவிடும். வண்ணம் பூசுகிற முருகையனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் நிற்காவிட்டால் அவர் பச்சையை அடர்த்தியாகக் கலந்துவிடுவார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களா, மேடம்?