புடிங் களவுபோன பாட்டு

லண்டனில் வால்தம்ஸ்டோ போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“என்ரை மனுசன் செத்துப்போன பிறகு, என்னைக் கட்டிலாலை எழுப்பினது நாலு ஜப்பான் பெட்டையள்தான் மாலா,” என்றாள் மூத்தவள்.

“ஆரக்கா அவையள்?”

“பாட்டுக் குழு. கிற்றார், டிரம்ஸ் எல்லாம் பெட்டையள்தான். பங்க் பாட்டு, ஒரே கத்தல், ஆனா மெட்டு நல்ல இனிப்பு. மகள் போட்டுக் காட்டினவள்.”

“பாஷை விளங்குமோ?”

“ஒரு சொல்லும் விளங்காது. அதுதான் நல்லதாப் போச்சு. விளங்கிற பாட்டெல்லாம் என்னை அழப்பண்ணினது.”

அக்கா தன் இயர்ஃபோன் ஒன்றைக் கழற்றி மாலாவின் காதில் வைத்தாள். மாலா முகத்தைச் சுளித்தாள்.

“ஐயோ, சண்டை பிடிக்கினமோ?”

“ஓம். மகள்தான் அர்த்தம் தேடிச் சொன்னவள், ஃபிரிட்ஜில வைச்ச புடிங்கை ஆரோ களவாத் திண்டிட்டினமாம்.”

மாலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இயர்ஃபோனைக் கழற்றவில்லை.

“சனிக்கிழமை லண்டனுக்குப் பாட வருகினம். ரெண்டு டிக்கெட் எடுத்திட்டன்.”

“மற்றது மகளுக்கோ?”

“உனக்கு. அவர் இல்லாமல் நான் இன்னும் ஒரு இடமும் போகேல்லை மாலா. தனியப் போக ஏலாது.”

மாலா இயர்ஃபோனைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டாள். பிறகு, “அங்கை குதிக்க வேணுமோ?” என்று கேட்டாள்.

“எல்லாரும் குதிப்பினம்.”

“அப்ப சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறன்.”